வயசான காலத்துல தன்பாலீர்ப்பும் உடல்நலமும்: கிளினிக் மூடினா தாத்தாவுக்கு என்ன ஆகும்?

2025 ஜனவரி கடைசில அமெரிக்காவோட எச்.ஐ.வி உதவிப் பணம் திடீர்னு நின்னுச்சு. அடுத்த கொஞ்ச வாரத்துலயே தென்னாப்பிரிக்கால ஜோஹானஸ்பர்க், கேப் டவுன் பக்கம் கே ஆண்களுக்குன்னு நடந்துட்டு இருந்த தனி கிளினிக்குகள மூடிட்டாங்க. அதுல இருந்து டர்பன்ல நம்ம இந்திய ஆளுங்க நடுவுல மூணு கேள்வி திரும்பத் திரும்ப வருது. மாத்திரையும் நின்னுடுமா? அரசாங்க கிளினிக்தான் தெருவுக்குத் தெரு இருக்கே, அங்க போனா என்ன, தனியா ஒண்ணு எதுக்கு? இதெல்லாம் வாலிபப் பசங்க சமாச்சாரம் தானே, அறுபது எழுபது வயசுக்காரங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. நிக்காது. எச்.ஐ.வி மாத்திரைகள்ல பெரும்பகுதிய தென்னாப்பிரிக்க அரசாங்கம் சொந்தப் பணத்துலதான் வாங்குது, அமெரிக்கப் பணம் மொத்த எச்.ஐ.வி செலவுல சுமார் 17 சதவீதம்தான், அதுவும் பெரும்பாலும் நர்ஸ், கவுன்சிலர் சம்பளம், தனி கிளினிக், வீடு தேடிப் போற வேலை இதுக்குத்தான் போச்சு. ஆக மாத்திரை இருக்கு, வாயத் திறந்து பேசறதுக்கு இருந்த இடம்தான் போயிடுச்சு. அது ஏன் பெரிய நஷ்டம், அதுவும் வயசானவங்களுக்கு ஏன்னு புரியணும்னா கொஞ்சம் அடிப்படையில இருந்து வரணும்.

## முதல்ல வார்த்தைங்க

பாலீர்ப்புன்னா ஒருத்தரோட மனசும் ஆசையும் யார் பக்கம் போகுதுங்கறது. தன்பாலீர்ப்புன்னா ஆணுக்கு ஆண் மேல, பெண்ணுக்குப் பெண் மேல வர்ற ஈர்ப்பு, கே, லெஸ்பியன்னு சொல்றது இதத்தான். ரெண்டு பக்கமும் வந்தா இருபாலீர்ப்பு. திருநங்கை, திருநம்பிங்கறது வேற விஷயம், அது தான் யாருங்கறதப் பத்தினது, அவங்க உடல்நலத்துக்குத் தனியாவே ஒரு கட்டுரை வேணும், இங்க அவசரமா தொட்டுட்டுப் போனா நியாயமா இருக்காது.

இது நோய் இல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ல தன்னோட நோய்ப் பட்டியல்ல இருந்து இத எடுத்துருச்சு, உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ல எடுத்துச்சு. அதனால "அவருக்கு இந்தப் பழக்கம் இருந்துச்சு, அதான் வயசான காலத்துல படுக்கைல விழுந்துட்டாரு"ன்னு யாராவது சொன்னா அது தப்பு. ஆனா அதே சமயம், வயசான தன்பாலீர்ப்பாளர்களுக்கு சில நோய் கூடுதலா வருதுங்கறதும் ஆராய்ச்சில திரும்பத் திரும்பத் தெரியுது. ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும்ங்கறதுதான் நிறைய பேருக்குக் குழப்பம்.

## அப்ப உடம்பு ஏன் கெடுது?

டர்பன் மேகஸின் பேரக்ஸ்ல முனிசிபாலிட்டி வேலைக்காரர் வீட்டுல 1955-ல பொறந்த ஒருத்தரக் கணக்குக்கு எடுத்துக்குங்க. சின்ன வயசுலயே, எந்த இனம் எங்க குடியிருக்கணும்னு பிரிச்ச நிறவெறிக் கால குரூப் ஏரியாஸ் சட்டத்துல குடும்பத்தக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துல கொண்டு போய் விட்டாங்க. 20 வயசுல அவர் ஆசை யார் மேலங்கறது அவருக்குத் தெரிஞ்சுது, ஆனா ஆணும் ஆணும் சேர்ந்தா இந்த நாட்டுல குற்றம், போலீஸ் பிடிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் "இது நோய் இல்ல"ன்னு சொன்னப்ப அவருக்கு 35. 1996-ல நம்ம அரசியல் சாசனம் வந்து, பாலீர்ப்ப வெச்சுப் பாகுபாடு காட்டக் கூடாதுன்னு எழுதினப்ப 41. அரசியல் சாசன நீதிமன்றம் அந்தக் குற்றச் சட்டத்த ரத்து பண்ணினது 1998 அக்டோபர், அப்ப 43. தன்பாலினத் துணைங்களும் சட்டப்படி கல்யாணம் பண்ணிக்க வழி வெச்ச சிவில் யூனியன் சட்டம் 2006 நவம்பர்ல வந்தப்ப 51. இப்ப 70 தாண்டியாச்சு. வாழ்க்கைல பாதிக்கு மேல மறைச்சே வாழ்ந்தவர்கிட்ட "இப்ப சட்டம் இருக்கே, இன்னும் ஏன் பயப்படறீங்க"ன்னு கேக்கறது எப்படிங்க நியாயம்?

அந்த மறைச்சு வாழ்ற வாழ்க்கை உடம்புக்குள்ள எப்படிப் போகுதுன்னு பார்க்கலாம்.

1. பயம் நிரந்தரமாயிடுது. ஐலன் மேயர்ங்கற ஆராய்ச்சியாளர் 2003-ல எழுதின கட்டுரையில இத சிறுபான்மை மன அழுத்தம்ங்கற பேர்ல விளக்கினாரு. எல்லாருக்கும் வர்ற கவலைக்கு மேல, யாராவது கண்டுபிடிச்சுடுவாங்களோ, பேச்சுல "அவ"ன்னு சொல்ல வேண்டிய இடத்துல "அவன்"னு வந்துடுமோன்னு ஒரு கூடுதல் காவல் நாள் முழுக்க ஓடிட்டே இருக்கு. பயந்தா உடம்பு கார்ட்டிசால்ங்கற ஹார்மோனச் சுரக்கும், ரத்த அழுத்தம் ஏறும், அது அஞ்சு நிமிஷத்துக்குன்னா நல்லதுதான், நாற்பது வருஷத்துக்குன்னா ரத்தக்குழாய், சுகர், தூக்கம், எதிர்ப்புச் சக்தி எல்லாத்தையும் அரிச்சுடும். ஸ்டீவ் கோல்ங்கறவர் 1996-ல வெளியிட்ட ஆய்வுல எச்.ஐ.வி இல்லாத 222 கே, இருபாலீர்ப்பு ஆண்கள அஞ்சு வருஷம் கவனிச்சாங்க, தன்னோட ஈர்ப்ப மறைச்சவங்களுக்கு கேன்சரும் தொற்றுநோயும் மறைக்காதவங்கள விட அதிகமா வந்துச்சு. ரெண்டு பக்கமும் ஈர்ப்பு ஒண்ணுதான், மறைச்சதும் மறைக்காததும்தான் வித்தியாசம்.

2. சிகரெட், குடி. பாரம் தாங்கலன்னா மனுஷன் எதையாவது பிடிச்சுக்குவான். இத நீட்டி விளக்க வேண்டியதில்ல.

3. டாக்டர்கிட்ட போறதத் தள்ளிப் போடறது, போனாலும் பாதிய மட்டும் சொல்றது. இது நம்ம ஊர்ல எவ்வளவு ஆபத்துன்னு கீழ தனியா சொல்றேன்.

4. தனிமை. 148 ஆய்வுகள ஒண்ணா சேர்த்துப் பார்த்த ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு, நல்ல உறவுகள் உள்ளவங்க அந்தந்த ஆய்வுக் காலத்துல உயிரோட இருக்கற வாய்ப்பு 50 சதவீதம் கூடன்னு 2010-ல சொன்னாங்க. நம்ம ஆளுங்க வீட்டுல வயசானவங்களுக்குத் துணைன்னா பிள்ளை, மருமக, பேரன்தான். கல்யாணமே பண்ணிக்காம இருந்துட்ட மாமாவுக்கு அந்த வரிசை கிடையாது, அக்கா பிள்ளைங்க கொண்டாந்து குடுக்கற பிரியாணிதான் ஞாயித்துக்கிழமை. கல்யாணம் பண்ணிக்கிட்டவருக்கு வீடு நிறைய ஆளு இருக்கும், ஆனா மனசுல உள்ளத ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியாது, அதுவும் தனிமைதான், அந்த வீட்டுல அவர் மனைவியும் காரணம் தெரியாமலே அதே தனிமைய அனுபவிச்சிருப்பாங்க.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல கேரன் ஃப்ரெட்ரிக்சன்-கோல்ட்சன் நடத்தின பெரிய ஆய்வுல 50-ல இருந்து 95 வயசு வரைக்கும் 2,560 பேர் இருந்தாங்க, கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஏதாவது உடல் இயலாமை, மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு. அது அமெரிக்கக் கணக்கு, அந்த நம்பர அப்படியே நம்ம டர்பன் ஃபீனிக்ஸ், மெரிபேங்குக்குப் போட முடியாது. ஆனா காரணமா அவங்க சுட்டினது, அதாவது மறைக்கறது, ஒதுக்கப்படறது, டாக்டர பயந்து தவிர்க்கறது, இது மூணும் இங்கயும் இருக்கு, இங்க கூடவே நிறவெறிக் காலமும் சேர்ந்துக்குச்சு.

## சுகர் மாத்திரையும் எச்.ஐ.வி மாத்திரையும்

ஒண்ண முதல்லயே சொல்லிடணும். தென்னாப்பிரிக்கால எச்.ஐ.வி உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்க ஆண்-பெண் உறவுல தொற்று வந்தவங்க, அதுலயும் பெண்கள்தான் அதிகம். கேன்னா எச்.ஐ.வின்னு நினைக்கறது தப்பு. ஆனா 80, 90கள்ல வாலிபமா இருந்த கே ஆண்கள் நிறைய பேர நோய் தொட்டுச்சு, நிறைய பேர் செத்தாங்க, பொழைச்சவங்க இப்ப வயசாகிட்டு வர்றாங்க. நீதிபதி எட்வின் கேமரன் அப்படி ஒருத்தர், 1953-ல பொறந்தவர், 1997-ல மருந்து ஆரம்பிச்சாரு, 1999-ல தனக்கு எச்.ஐ.வி இருக்குன்னு வெளிப்படையா சொன்னாரு, அப்புறம் அரசியல் சாசன நீதிமன்றத்துலயே உக்காந்தாரு. அரசாங்க கிளினிக்ல இந்த மருந்து கிடைக்க ஆரம்பிச்சது 2004-ல தான். மருந்து ஒழுங்கா எடுத்தா ரத்தத்துல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறையும், அப்படிக் குறைஞ்சு அப்படியே இருந்தா உடலுறவு மூலமா இன்னொருத்தருக்குத் தொற்றாது.

இப்ப நம்ம ஊர் சிக்கலுக்கு வர்றேன். இந்தியர் வீடுகள்ல சுகர், பிரஷர், ஹார்ட் எவ்வளவுன்னு யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. ஒரு பெரியவர் பக்கத்துத் தெரு ஜி.பி கிட்ட சுகருக்குப் போறாரு, அந்த டாக்டருக்கு அவரோட அண்ணன், மச்சான், கோயில் கமிட்டி எல்லாரையும் தெரியும். எச்.ஐ.வி மாத்திரைக்கு ரெண்டு டாக்ஸி மாறி டவுன்ல யாருக்கும் தெரியாத கிளினிக்குக்குப் போறாரு. வீட்டுக்கு வந்ததும் டப்பாவுல ஒட்டியிருக்கற லேபிள நகத்தால சுரண்டி எடுத்துட்டு, அலமாரில வேட்டி மடிப்புக்குப் பின்னால வெச்சுடறாரு. ரெண்டு டாக்டர், ஒருத்தர் எழுதறது இன்னொருத்தருக்குத் தெரியாது.

2019 கடைசில இருந்து இங்க குடுக்கற கூட்டு மாத்திரைல டொலுட்டெக்ராவிர்னு ஒரு மருந்து இருக்கு. நல்ல மருந்து, குறை சொல்லல. ஆனா சுகருக்குக் குடுக்கற மெட்ஃபார்மின் கிட்னி வழியா வெளியேறணும், அந்த வழிய இது கொஞ்சம் அடைக்குது, அதனால ரத்தத்துல மெட்ஃபார்மின் சுமார் 79 சதவீதம் கூடிடுது. அதான் ரெண்டையும் சேர்த்து எடுக்கறவங்களுக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு வழிகாட்டல் இருக்கு. நம்ம பெரியவர் 850 மாத்திரைய நாளைக்கு ரெண்டு தடவ போடறாருன்னு வெச்சுக்குங்க, அதுவே 1700. வயித்துப்போக்கு, வாந்தி வரும், வயசாகி கிட்னியும் தளர்ந்திருந்தா ரத்தத்துல அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஜி.பி பாவம், "ஏதோ சாப்பாடு ஒத்துக்கல"ன்னு எழுதுவாரு, அவருக்கு எப்படித் தெரியும்? அதே கூட்டு மாத்திரைல இருக்கற டெனோஃபோவிர் கிட்னியையும் எலும்பையும் கொஞ்சம் தொடற மருந்து, சுகர்காரருக்கு ஏற்கனவே கிட்னி பலவீனம், அதனால க்ரியாட்டினின் டெஸ்ட் விடாம பாக்கணும். கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை, மெக்னீசியம், அலுமினியம் உள்ள அசிடிட்டி மருந்து இதுங்களும் டொலுட்டெக்ராவிர உடம்புல சேர விடாம தடுக்கும், எந்த நேரத்துல எது எடுக்கலாம்னு நர்ஸ்கிட்ட கேட்டுக்கணும்.

இதப் படிச்சுட்டு யாரும் மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, குறைக்காதீங்க. எடுக்கற எல்லா மாத்திரையோட பேரையும் ஒரே தாள்ல எழுதி ரெண்டு டாக்டர்கிட்டயும் காட்டுங்க. டாக்டர் உங்க விஷயத்த உங்க சம்மதம் இல்லாம வெளிய சொல்லக் கூடாது, தேசிய சுகாதாரச் சட்டம் 2003 அதத் தெளிவா சொல்லுது.

இன்னும் ரெண்டு விஷயம். எச்.ஐ.வி உள்ளவங்களுக்கு ஹார்ட் நோய் சீக்கிரம் வரும், 2023-ல வந்த ரிப்ரீவ் ஆய்வுல 40-ல இருந்து 75 வயசுக்காரங்களுக்கு ஸ்டாட்டின் வகை கொலஸ்ட்ரால் மாத்திரை குடுத்ததுல பெரிய ஹார்ட் பாதிப்பு 35 சதவீதம் குறைஞ்சுது. அடுத்து ஆசனவாய்க் கேன்சர், இது எச்.பி.வி வைரஸால வர்றது, எச்.ஐ.வி உள்ள கே ஆண்களுக்கு ரொம்ப அதிகம், கேன்சரா மாறறதுக்கு முந்தின நிலையிலயே கண்டுபிடிச்சு சிகிச்சை குடுத்தா 57 சதவீதம் குறையுதுன்னு 2022-ல வந்த ஆங்கர் ஆய்வு காட்டுச்சு. ஆனா அங்க ரத்தம் வந்தா "மூலம்"னு நினைச்சு கடைல க்ரீம் வாங்கித் தடவிட்டு வருஷக்கணக்கா இருந்துடறாங்க, ஏன்னா டாக்டர் முன்னால வேட்டிய அவுத்தா கேள்வி வரும்னு பயம்.

தனி கிளினிக் எதுக்குங்கற ரெண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். அங்க இதையெல்லாம் சாதாரணமா கேப்பாங்க, முகம் சுளிக்க மாட்டாங்க, ஒரே இடத்துல எல்லாமும் ஒரே ஃபைல்ல இருக்கும்.

## பெண்களுக்கு

"ஆம்பள தொடர்பு இல்ல, அதனால பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்க் கேன்சர் டெஸ்ட்) வேணாம்"னு நிறைய லெஸ்பியன் பெண்களே நம்பறாங்க, நர்ஸுங்களும் சில சமயம் அப்படித்தான் சொல்லி அனுப்பிடறாங்க. அந்தக் கேன்சருக்கும் காரணமான எச்.பி.வி பெண்ணுகிட்ட இருந்து பெண்ணுக்கும் தொத்தும். போதாததுக்கு, இந்தத் தலைமுறைப் பெண்கள்ல எத்தனையோ பேர வீட்டுல கட்டாயப்படுத்திக் கட்டிக் குடுத்துருக்காங்க. அரசாங்கக் கொள்கைப்படி 30 வயசுல இருந்து பத்து வருஷத்துக்கு ஒண்ணு, மொத்தம் மூணு டெஸ்ட் இலவசம், எச்.ஐ.வி உள்ளவங்களுக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ. 30, 40, 50-ல எடுக்காம விட்டவங்க 60-ல போய்க் கேக்கறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

## பெட் பக்கத்துல யார் நிக்கலாம்?

எனக்குத் தெரிஞ்ச ரெண்டு ஆன்ட்டிங்க, டீச்சர் வேலைல சேர்ந்த காலத்துல இருந்து ஒரே வீடு, 31 வருஷம். ஒருத்தருக்கு ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரில சேர்த்தப்ப ஃபாரத்துல "நெக்ஸ்ட் ஆஃப் கின்" (நெருங்கின சொந்தம்) கட்டத்துல இன்னொருத்தர் தன் பேர எழுதினாங்க, பக்கத்துல "உறவு"ன்னு இருந்த இடத்துல பேனாவ வெச்சுட்டு ரொம்ப நேரம் எழுதாம இருந்துட்டு, கடைசில "ஃப்ரெண்ட்"னு எழுதினாங்க. மறுநாள் ஜோபர்க்ல இருந்து தம்பி வந்து இறங்கினாரு. அதுக்கப்புறம் டாக்டர் பேசினதெல்லாம் தம்பிகிட்டதான். வலிப்பு வந்தா எந்த மாத்திரை ஒத்துக்காதுன்னு தெரிஞ்சவங்க வெராண்டால உக்காந்திருந்தாங்க.

சட்டம் அப்படிச் சொல்லவே இல்லைங்கறதுதான் வேதனை. தேசிய சுகாதாரச் சட்டத்தோட 7-வது பிரிவுப்படி, நோயாளியால பேச முடியாதப்ப ஒப்புதல் குடுக்கற வரிசை இது: முதல்ல நோயாளி எழுத்துல நியமிச்சவர், இல்லன்னா கோர்ட் அனுமதிச்சவர். அப்படி யாரும் இல்லன்னா கணவன், மனைவி அல்லது பார்ட்னர். அவங்களும் இல்லன்னா அப்பா அம்மா, தாத்தா பாட்டி, வயசு வந்த பிள்ளைங்க, எல்லாருக்கும் கடைசிலதான் கூடப் பிறந்தவங்க. அந்த ஆன்ட்டி "பார்ட்னர்"னு எழுதியிருந்தா தம்பிக்கு முன்னால அவங்க.

அதனால உடம்பு நல்லா இருக்கறப்பவே செய்ய வேண்டியது:

1. ஒப்புதல் கடிதம். "என்னால முடிவு எடுக்க முடியாதப்ப என் சிகிச்சைக்கு இவர் ஒப்புதல் குடுக்கலாம்"னு பேரு, ஐ.டி நம்பரோட எழுதி கையெழுத்து. போலீஸ் ஸ்டேஷன்லயே அஃபிடவிட்டா ஸ்டாம்ப் வாங்கிக்கலாம், காசு இல்ல. ஒரு காப்பி கிளினிக் ஃபைல்ல, ஒண்ணு ஹேண்ட்பேக்ல. எதிர்பாலில ஒருத்தரக் கல்யாணம் பண்ணி இன்னும் சட்டப்படி பிரியாதவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏன்னா கடிதம் இல்லன்னா சட்டப்படி மனைவியோ கணவனோ முன்னால வந்துடுவாங்க, எழுத்துல இருந்தா எழுத்துதான் முன்னால.

2. உயில். ரெண்டு சாட்சி, ரெண்டு பேருமே சொத்து வாங்கறவங்களா இருக்கக் கூடாது. பார்ட்னரையே சாட்சியா கையெழுத்து போட வெச்சுட்டு அவங்களுக்குச் சேர வேண்டியத இழந்துடாதீங்க. உயில் இல்லாம போனாலும் ஒண்ணா வாழ்ந்த தன்பாலினத் துணைக்குப் பங்கு உண்டுன்னு அரசியல் சாசன நீதிமன்றம் 2006-ல சொல்லிருச்சு, சிவில் யூனியன் பதிவு பண்ணாதவங்களுக்கும் அது பொருந்தும்னு 2016-ல உறுதி பண்ணிருச்சு. ஆனா ஒண்ணா வாழ்ந்தத, இறந்தவங்க சொத்துப் பங்கீட்டப் பாக்கற அரசாங்க மாஸ்டர் ஆஃபீஸ்ல நிரூபிக்கணும், சொந்தக்காரங்க எதிர்த்தா வருஷக்கணக்கா இழுக்கும்.

3. பவர் ஆஃப் அட்டர்னிய மட்டும் நம்பாதீங்க. நிறைய பேர் இங்கதான் ஏமாந்து போறாங்க. இந்த நாட்டுச் சட்டப்படி, குடுத்தவருக்கு புத்தி தெளிவு போனதும் அந்தப் பத்திரமும் செல்லாது. டிமென்ஷியாங்கற மறதி நோய் வந்தப்புறம் பேங்க் கணக்கத் தொடணும்னா, அவர் சொத்தப் பாத்துக்க கோர்ட் மூலமா க்யூரேட்டர், இல்லன்னா மனநலச் சட்டத்துல அட்மினிஸ்ட்ரேட்டர் கேக்கணும்.

4. மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு. பார்ட்னர டிபென்டன்ட்டா சேர்க்கலாம், 1998 மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்துலயே "பார்ட்னர்"ங்கற வார்த்தை இருக்கு.

## ஓல்ட் ஏஜ் ஹோமும் மறதியும்

ரெண்டு பெண்களுக்கு ஒரே ரூம் குடுக்க மாட்டோம்னு ஹோம்ல சொன்னா, அது 2000-ஆம் வருஷ சமத்துவச் சட்டத்துக்கு விரோதம். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயே ஈக்வாலிட்டி கோர்ட் இருக்கு, வக்கீல் இல்லாம, ஃபீஸ் இல்லாம மனு குடுக்கலாம். வயசானவங்கள அடிக்கறது, திட்டறது, மிரட்டறது தெரிஞ்சா தகவல் குடுக்கறது கட்டாயம்னு முதியோர் சட்டம் 2006 சொல்லுது. ஆனா நடப்புல, ஹோமுக்குப் போன உடனே பழைய போட்டோவ பெட்டிக்கு அடில வெச்சுட்டு மறுபடி மறைக்க ஆரம்பிச்சுடறாங்க, அறுபதுல கொஞ்சம் வெளிய வந்தவங்க எண்பதுல திரும்ப உள்ள போயிடறாங்க.

டிமென்ஷியா வந்துட்டா இன்னும் கஷ்டம். யார்கிட்ட சொன்னோம், யார்கிட்ட சொல்லல, இப்ப எந்த வருஷம்ங்கற கணக்கு மனசுல கலைஞ்சுடும். சிலர் நாற்பது வருஷம் காப்பாத்தின ரகசியத்த பேரன் பேத்தி முன்னால சொல்லிடுவாங்க. சிலருக்கு மனசு 1975-க்குப் போயிடும், ராத்திரி கதவு தட்டினா போலீஸ்னு நடுங்குவாங்க. பாத்துக்கற நர்சம்மாவுக்குப் பின்கதை தெரிஞ்சா கைய பிடிச்சு "இப்ப அந்தச் சட்டம் இல்ல தாத்தா, யாரும் பிடிக்க மாட்டாங்க"ன்னு சொல்லலாம், தெரியலன்னா தூக்க மாத்திரைதான் குடுப்பாங்க.

துணை செத்துப் போறதையும் சொல்லணும். பதினாறாம் நாள் காரியத்துல தம்பி மகன் முன்னால உக்காருவான், கூட வாழ்ந்தவர் பின் வரிசைல சேர் எடுத்துப் போட்டு உக்காந்திருப்பாரு, யாரும் அவர்கிட்ட போய் துக்கம் விசாரிக்க மாட்டாங்க. துணைய இழந்த முதல் சில மாசத்துல கூட இருந்தவருக்கும் சாவு அபாயம் கூடுங்கறது மருத்துவத்துல நல்லாத் தெரிஞ்ச விஷயம், ஹார்ட், பிரஷர் எல்லாம் அப்பதான் எகிறும். விதவைன்னா அக்கம்பக்கம் சாப்பாடு கொண்டு வரும், மாத்திரை போட்டியான்னு கேக்கும். இவருக்கு அது எதுவும் வராது. அப்படி ஒருத்தர் உங்க தெருவுல இருந்தா, அந்த முதல் மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு தடவ கதவத் தட்டி, சாப்ட்டாரா, பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சான்னு மட்டும் கேளுங்க, வேற எதையும் கேக்கணும்னு இல்ல.